முப்பத்தொன்றாம் கட்டம்

தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் நான் குறை சொல்ல வரவில்லை. கரண்டியை எடுத்து முதலில் மேசை விளிம்பில் தட்டிப் பார்த்தேனே, அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொழில் பழக்கம். சூடான தேநீரில் விட்டுக் கலக்கினால் உருகி அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற கரண்டி ஒன்றை வருடக்கணக்காக வகுப்பில் காட்டிக்கொண்டிருந்தவன் நான். அதிலிருந்து எந்தக் கரண்டியையும் முழுசாக நம்புவதில்லை.

நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தது ஒரு சின்னத் திருத்தத்துக்காக. எங்கள் கல்லூரியில் நடந்த ஏணி விவகாரத்தில் நீங்கள் எழுதிய அறிக்கையில், துருப்பிடித்த அலுமினிய ஏணி முறிந்ததால் என்று ஒரு வரி வருகிறது. அலுமினியம் துருப்பிடிக்காது, ஐயா. துரு என்பது இரும்பின் சொந்த வியாதி. அதை அலுமினியத்தின் தலையில் கட்டுவது அநியாயம். முதல்வருக்கு எழுதிப் போட்டேன், பதில் இல்லை. இயற்பியல் ஆசிரியரிடம் சொன்னேன். "விடுங்க சார், மனுஷனே போயிட்டாரு. ஏணி எதனால உடைஞ்சா என்ன?" என்றார். படித்தவர் பேசுகிற பேச்சா இது? எதனால் என்பதுதானே அறிவியல்.

நீங்கள் அவரைவிட மேல். "துரு இல்லன்னா பின்ன எப்படி உடைஞ்சுது?" என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான், இத்தனை நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள். காலியம் என்றேன். அப்படி ஒரு உலோகம் உண்டு, உள்ளங்கைச் சூட்டிலேயே உருகும் என்றேன். "உலோகம் கையில உருகுமா? சார், வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றீர்கள். அதனால்தான் குப்பியைத் திறந்து உங்கள் கையில் ஒரு துண்டு வைக்க வேண்டியதாயிற்று. அது மழுமழுவென்று உருகி ஓடியபோது உங்கள் முகத்தில் வந்ததே ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இத்தனை வருடம் பாடம் நடத்தினேன். கையில் ஒட்டிய சாம்பல் கறை சோப்புப் போட்டால் போய்விடும். பாதரசம் போல விஷமும் இல்லை.

உங்கள் மேசை மேலிருந்த அலுமினிய அடிக்கோலில் லேசாகச் சுரண்டி ஒரு சொட்டு விட்டேன் அல்லவா, அதை அப்படியே சன்னலோரம் வெயிலில் வைத்திருங்கள். பிறகு பார்ப்போம்.

இந்தக் காலியத்துக்கு ஒரு கதை உண்டு, அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் தலையும் புரியாது, வாலும் புரியாது. தனிமங்களையெல்லாம் வரிசைப்படுத்தி அட்டவணை போட்ட மனிதர், அலுமினியத்துக்குக் கீழே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டார். இங்கே ஒருவன் வருவான், அவன் எடை இவ்வளவு இருக்கும், சீக்கிரம் உருகுவான் என்று எழுதியும் வைத்தார். சில வருடம் கழித்து வேறு நாட்டுக்காரர் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். முன்னவர் சொன்னதெல்லாம் ஏறக்குறைய அப்படியே பலித்தது. கண்டுபிடித்தவர் தன் நாட்டின் பழைய பெயரை அதற்கு வைத்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா. நாட்டின் பெயரை வைப்பதுபோல் வைத்துத் தன் பெயரையே உள்ளே ஒளித்து வைத்துவிட்டார், அவர் பெயருக்கு அர்த்தம் சேவல், இலத்தீனில் சேவலுக்கும் ஏறக்குறைய அதே சொல்தான் என்று பேசினார்கள். அவர் இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். உண்மை எதுவோ, எனக்குத் தெரியாது. எனக்குப் பிடித்தது அந்தக் காலிக் கட்டம்தான். ஒருவன் வருவதற்கு முன்பே அவனுக்கு இடம் போட்டு வைத்துக் காத்திருந்தார்களே, அதுபோல ஒரு மரியாதை யாருக்குக் கிடைக்கும்?

எனக்குக் கிடைத்தது வேறு. எங்கள் மாணவர்கள் ஆசிரியர்களுக்குத் தனிமங்களின் பெயரை வைப்பார்கள். எங்கள் துறைத் தலைவருக்கு டைட்டானியம். உறுதி, எடை குறைவு, எதிலும் கறைபடாது. பெயரே பழைய கதைகளில் வரும் ராட்சதர்களுடையது. எனக்கு ஈயம். என் வகுப்பில் உட்காருவது காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவது போல இருக்கிறதாம். அதோடு ஈயம் கனமானது, மங்கலானது, மற்ற உலோகங்கள் அளவுக்கு எதையும் கடத்தாது. நான் நடத்துவது எதுவும் அவர்கள் பக்கம் கடந்து போவதில்லையாம். பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் மனிதனுக்கு வலிக்கும் அல்லவா.

துறைத் தலைவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். என்னைவிட நாலு மாதம் மூத்தவர். இந்த உறவை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மச்சான் எனக்குச் செய்த கொடுமைகளைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன், அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டார். என் வகுப்பு புரியவில்லை என்று மாணவர்கள் புகார் கொடுத்தபோது, "அவர் சொல்றது ஆழமா இருக்கும்ப்பா, ரெண்டு தடவை கேளுங்க" என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார். ஈயத்தை இரண்டு தடவை ஊற்றிக்கொள்ளச் சொன்னால் யார் என்னை மதிப்பார்கள்? எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். என் மனைவி இன்றைக்கும் அதைத்தான் பெருமையாகப் பேசுகிறாள். நான் குடித்த கஞ்சிக்கும் பெயர் அவருக்குத்தான்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். கரண்டியில்தான் கை வைத்துவிட்டார். அந்தக் கரண்டி நானே அச்சுச் செய்து காலியத்தில் வார்த்தது. வருடம் முழுக்கத் தூங்குகிறவர்கள் எழுந்து உட்காருவது அந்த ஒரு நாள்தான். ஆண்டு விழாவுக்கு யாரோ பெரிய மனிதர் வந்தார். மச்சான் மேடையில் என் கரண்டியை எடுத்து, அவருடைய கோப்பையில் கலக்கி, வெறும் காம்பைத் தூக்கிக் காட்டினார். மண்டபமே கைதட்டியது. "இது எங்க மாப்பிள்ளையோட ஐடியா" என்று ஒலிபெருக்கியில் சொன்னார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கைதட்டல் அதற்குள் முடிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு நான் என் சொந்தக் கரண்டியை வகுப்பில் கலக்கினால், "தலைவர் சார் செஞ்சது மாதிரியே இருக்கு சார்" என்கிறார்கள்.

இனிச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் விரிவுரைக் கூடத்தின் வலப்பக்கச் சுவர் முழுக்கத் தனிம அட்டவணை வரைந்திருக்கிறது, கிட்டத்தட்டக் கூரை வரைக்கும். ஓய்வு பெறுகிற ஆசிரியருக்கு அதில் ஒரு கட்டம் உண்டு. அவர் பெயர் வெட்டிய சின்னப் பித்தளைத் தகட்டை அந்தக் கட்டத்தில் திருகி வைப்போம். யாருக்கு எந்தத் தனிமம் என்பதைத் தலைவர் முடிவு செய்வார். வெளியாட்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். எங்களுக்குள் ஆக்சிஜன் கட்டத்துக்காக இரண்டு பேர் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் பேசாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

காலியம் நாலாவது வரிசை. ஏணி போட்டு ஏறினால்தான் கை எட்டும். எங்கிருந்து பார்த்தாலும் தெரியும், காலை வெயில் நேராக அதன் மேல் விழும். முப்பத்தொன்று என்ற அந்த எண்ணுக்குக் கீழே என் பெயரை நான் மனதுக்குள் எத்தனை தடவை திருகியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஈயம் எண்பத்திரண்டு, ஆறாவது வரிசை. சுவரோரப் பெஞ்சில் உட்காருகிறவர்கள் தலை சாய்க்கிற இடம். தலைமுறை தலைமுறையாகத் தேய்த்த எண்ணெயில் அந்தக் கட்டமே கறுத்துப்போயிருக்கிறது.

கல்வியாண்டு முடிவில்தான் ஓய்வு என்பதால் எனக்கும் மச்சானுக்கும் ஒரே நாள். துறைக் கூட்டத்தில் அவர் எழுந்து, "முப்பத்தொண்ணுக்கும் எண்பத்திரண்டுக்கும் தகடு வெட்டச் சொல்லியாச்சு" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எண்பத்திரண்டு யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. வினையூக்கிகூடத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எங்கள் ஆய்வக உதவியாளர். எந்தக் காரியத்திலும் கூடவே இருப்பார், தான் மட்டும் துளியும் மாறமாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

கரண்டி போனது, கைதட்டல் போனது, இப்போது கட்டமும் போயிற்று. டைட்டானியத்துக்கும் நாலாவது வரிசையில்தானே இடம், அங்கே போய் உட்கார வேண்டியதுதானே? வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "அண்ணன் உங்களுக்காக ஒண்ணு செஞ்சு வச்சிருக்காரு. என்னன்னு கேக்காதீங்க, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு" என்றாள். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை அந்த எண்ணெய்க் கறைக்குள் திருகப் போகிறார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே.

அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்று உண்டு. அதைச் சுரண்டிவிட்டுக் காலியத்தைத் தொட்டு வைத்தால், மணலில் விட்ட தண்ணீர்போல் உள்ளே இறங்கிப் பரவும். வெளியே பார்த்தால் ஏணி ஏணியாகவே இருக்கும். உள்ளே உலோகத்தின் துகளுக்கும் துகளுக்கும் இருந்த பிடிமானம் போய்விடும். பாருங்கள், நம்ப வைத்து உள்ளே புகுந்து கெடுப்பது என்பது எவ்வளவு அமைதியான வேலை. விழாவுக்கு முதல் நாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, மேலிருந்து இரண்டாவது படியின் அடிப்பக்கத்திலும் அதைத் தாங்குகிற இரண்டு பக்கச் சட்டங்களிலும் இதைச் செய்தேன். நல்ல வெயில். காலியம் குப்பிக்குள்ளேயே உருகித் தயாராக இருந்தது.

என் நோக்கத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் கொஞ்சம் தடுமாற வேண்டும், கூட்டம் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். டைட்டானியம் கீழே உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொள்வதை மாணவர்கள் ஒரு தடவை பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

செய்முறை மேசையைச் சுவர்ப் பக்கம் நகர்த்தியது உண்மை. கருங்கல் பலகை போட்ட மேசை, கனம் ஜாஸ்தி, வினையூக்கியும் ஒரு கை கொடுத்தார். விழாவுக்கு வருகிறவர்களுக்கு முன்னால் இடம் வேண்டும் என்பதற்காக நகர்த்தினேன். அதன் கூரான மூலை ஏணிக்கு நேர் பின்னால் வந்து நின்றது. இடம் அப்படி. ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது, நான்தான் திரும்பப் போய்ச் சரியாக வைத்தேன். எதையும் கோணலாக விட எனக்கு மனம் வராது.

முதலுதவிப் பெட்டியின் சாவி எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். அன்றைக்கு விழாவுக்கென்று சட்டை மாற்றியிருந்தேன்.

இதற்காக என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். விழாவன்று காலையில் வினையூக்கி கையில் துணியோடு ஏணியில் கால் வைத்தார். மேல் வரிசைகளில் தூசி தட்டப் போகிறாராம். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அவருக்கும் எனக்கும் என்ன பகை? "திருகாணி பத்தாது, போய் வாங்கிட்டு வாங்க" என்று கடைக்கு அனுப்பினேன். ஒரு ஏழை மனிதரின் உயிரை அன்றைக்குக் காப்பாற்றினேன். இதுவும் எந்த அறிக்கையிலும் இல்லை.

கூட்டம் நிறைந்திருந்தது. மச்சான் புதுச் சட்டையில் வந்தார். ஓய்வு பெறுகிறவர் தன் தகட்டைத் தானே ஏறித் திருகுவதுதான் எங்கள் முறை. அவர் என் தோளில் கை போட்டு, "மாப்பிள்ளைக்கு முட்டி வலி. ரெண்டு தகட்டையும் நானே மாட்டிடறேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஈயத்தில் என் பெயரை ஏற்றுகிற வேலையைக்கூட அவர் எனக்கு விட்டுவைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சிரித்தேன். சபை என்று ஒன்று இருக்கிறதே.

அவர் ஏறினார். மேல் படிக்குப் போனார். திரும்பி என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, கொஞ்சம் கண்ணை மூடுங்க" என்றார். மூடிக்கொண்டேன். பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும். அவர் சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோயிருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கணம் அவர் ஒரே கையால்தான் பிடித்திருந்தார் என்று பிறகு சொன்னார்கள். ஒரு சத்தம். பிஸ்கட்டை உடைக்கிற சத்தம் மாதிரிதான், பெரிதாக ஒன்றுமில்லை. அதற்கு அடுத்து வந்தது கருங்கல் பலகையின் சத்தம். அது கொஞ்சம் பெரிது.

யாரும் சிரிக்கவில்லை. அதில் எனக்கு ஏமாற்றம்தான். பெட்டியின் சாவி எங்கே என்று ஆளாளுக்குப் பறந்தார்கள். நான் பையைத் தடவிக் காட்டினேன். மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வீடே களையிழந்துபோய்விட்டது. மனைவி இரண்டு மூன்று தடவை வந்து, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணன் செஞ்சு வச்சது…" என்று ஆரம்பித்து அழுதாள். அப்புறம் சொல்லு என்றேன். துருவைப் பற்றி முதல்வருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன், நடுவில் நிறுத்த முடியவில்லை. ஐயா, கல்லூரியில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள், துருப்பிடித்த ஏணியால் என்று. வேதியியல் துறை வாசலில். அதை மாணவர்கள் வாசித்துக்கொண்டு போகிறார்கள். தானியத்தில் கல்லைப் பொறுக்குவதுபோல் இத்தனை வருடம் பிழை பொறுக்கியவன் நான். ஓர் உலோகம் இன்னோர் உலோகத்துக்குள் புகுந்து செய்த அவ்வளவு நேர்த்தியான காரியத்தைத் துரு என்று எழுதினால் எப்படித் தாங்குவது? மனசாட்சி தூங்கவிடவில்லை. அதனால்தான் வந்தேன். பெயருக்காக வரவில்லை. ஆனால் அறிக்கையைத் திருத்தும்போது, செய்தவர் என்று ஓர் இடம் வரும் அல்லவா, அங்கே என் பெயரை முதலெழுத்துகளோடு முழுசாக எழுதுங்கள்.

வெயில் இறங்கிவிட்டது. அந்த அடிக்கோலை எடுங்கள். இரண்டு விரலால் பிடித்து லேசாக மடக்குங்கள். பார்த்தீர்களா. துரு எங்காவது தெரிகிறதா? நான் சொன்னேனே.

அலமாரியில் என்ன தேடுகிறீர்கள்? அந்த உறையா? ஆமாம், மச்சானுடைய கைக்கடிகாரம்தான். கண்ணாடியும் அவருடையதுதான். இது என்ன காகிதத்தில் சுற்றி, சட்டைப் பையில் இருந்ததா? இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லையா? சரி, கொடுங்கள், பார்க்கிறேன்.

இரண்டு தகடுகள்.

இது மச்சான் பெயர். பின்னால் பென்சிலால் எண்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறார். அவருடைய கையெழுத்துதான், எட்டைக் கோணலாகப் போடுவார்.

இது என் பெயர். முதலெழுத்துகள் சரியாக இருக்கின்றன. புள்ளி விட்டுப்போகவில்லை. பின்னால் முப்பத்தொன்று.

ஒரு நிமிடம் இருங்கள், ஐயா. தண்ணீர் வேண்டாம்.

முட்டி வலி என்றார். இப்போதுதான் புரிகிறது. ஈயக் கட்டத்துக்கு யாரும் ஏற வேண்டியதே இல்லையே.

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பிறகு யோசித்துப் பார்த்தேன். எண்ணெய்க் கறையைத் தான் எடுத்துக்கொண்டு, உயரத்தில் இருப்பதை எனக்குக் கொடுத்திருக்கிறார். கடைசி நாளிலும் தான்தான் பெரிய மனிதர் என்று காட்டிவிட்டார், பாருங்கள். இப்படிப்பட்டவரோடு எப்படி ஐயா குடும்பம் நடத்துவது?

போகட்டும். முடிவு செய்ய வேண்டிய தலைவர் முடிவு செய்துவிட்டார், அதை மாற்ற இனி யாருக்கும் உரிமை இல்லை. வழக்கெல்லாம் முடிந்த பிறகு இந்தத் தகட்டைக் கல்லூரிக்கு அனுப்பிவையுங்கள். முப்பத்தொன்றாம் கட்டம் கொஞ்சம் உயரம். திருகப் போகிறவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், மர ஏணி கொண்டு வரட்டும்.